உல்கும் படிமமும்: ஓசூர் எல்லைவழியில் பொதியின் வரலாறு

முன்னுரை

வணிக வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் விற்கப்பட்ட பொருளையும், விற்ற மக்களையும், அவர் சென்ற வழியையும் கருதுவர். பொருளைத் தாங்கிச் சென்ற பொதியைப் பற்றித் தனியே எண்ணுவார் சிலரே. ஆயினும், ஒரு பொதி எல்லையைத் தடையின்றிக் கடப்பது எவ்வாறு என்னும் வினா, பொருளைப் பற்றிய வினாவினும் சிறியதன்று. கிருட்டினகிரியிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் செல்லும் பெருவழி இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற களமாகும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் இந்நிலத்தில், மாட்டின் முதுகிற் சென்ற பொதி, இரும்புப் பெட்டகம், மென்பொருட் பெட்டகம் என மூவகைப் பொதியும் காலந்தோறும் பயின்றுள்ளன. இம்மூன்றுக்கும் பொதுவாகிய நெறி யாது என்பதையும், அந்நெறி இன்று எவ்விடத்தில் வழுவக்கூடும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்டைப் பொதியும் காதக் கல்லும்

சரக்கிற்கு வாங்கிய வரியை ‘உல்கு’ என்றனர் முன்னோர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பொருள்களை அளந்து, புலிப்பொறி இட்டு, காவலர் புறத்தே போக்கியதைப் பட்டினப்பாலை விரித்துரைக்கின்றது. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று உண்டு. பொறி இடப்பட்ட பின்னர், மூட்டையுள் இருப்பது யாது என்பதற்கு அப்பொறியே சான்றாயிற்று. ஆதலின் பொதியின் வலிமை கயிற்றிலும் துணியிலும் அன்று, பொறியின்மேல் மக்கள் வைத்த நம்பிக்கையிலேயே இருந்தது என்க.

தருமபுரிப் பகுதியில் ‘அதியமான் பெருவழி’ என்னும் பெயர் பொறித்த காதக் கற்கள் கிடைத்துள்ளன. அவை நாவற்றாவளம் என்னும் ஊருக்குரிய தொலைவைக் குறிப்பன. தாவளம் என்பது வணிகச் சாத்தினர் சுமை இறக்கித் தங்கும் இடம். இக்கற்களில் தொலைவு எழுத்தாலும் காட்டப்பட்டுள்ளது, குழிகளாலும் காட்டப்பட்டுள்ளது. எழுத்தறிந்தவன் எழுத்தைக் கண்டான். அறியாதவன் குழிகளை எண்ணினான். இரண்டும் ஒரே கல்லில் அமைந்தமையால் ஒன்றோடொன்று முரணுதற்கு இடமில்லை. இச்செய்தி பின்னர் நமக்குப் பயன்படும்.

எல்லையும் சுங்கமும்

1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாராமகால் ஆங்கிலக் கம்பெனியார்க்கு உரியதாயிற்று. ஓசூர்ப் பகுதியோ 1799 வரை திப்புவின் ஆட்சியிலேயே இருந்தது. எனவே அவ்வேழாண்டும் கிருட்டினகிரிக்கும் ஓசூருக்கும் இடையிலேயே இரு அரசுகளின் எல்லை ஓடியது. இன்று ஒரே மாவட்டமாக இருக்கும் நிலம் அன்று இரண்டு நாடாக இருந்தது.

பாராமகாலை அளந்து வரி வகுத்த அலெக்சாண்டர் ரீடும், அவர்தம் துணைவராகிய தாமசு மன்றோவும் வயல்தோறும் கணக்கெழுதுவித்தனர். நிலத்திற்குக் கணக்கு வந்தது. ஆயினும் வழிச்செல்லும் சரக்கு இடந்தோறும் நிறுத்தப்பட்டே வந்தது. சென்னை மாகாணத்தில் உள்நாட்டுச் சுங்கம் நீங்கியது 1844ஆம் ஆண்டின் 6ஆம் சட்டத்தாலேயாம். சுங்கச் சாவடியில் பொதி அவிழ்க்கப்படும், பொருள் சிந்தும், பொழுது கழியும். ஒரு பொதியை எத்தனை முறை அவிழ்க்க வேண்டும் என்பதே வணிகனின் ஊதியத்தை வரையறுத்தது எனலாம்.

இரும்புப் பெட்டகம்

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், மால்கம் மக்லீன் என்பாரின் ‘ஐடியல் எக்சு’ என்னும் கப்பல் நியூவார்க்கிலிருந்து ஊசுடனுக்கு 58 பெட்டகங்களைச் சுமந்து சென்றது. பெட்டகம் முன்னரும் இருந்ததே. புதுமை யாதெனின், வண்டியும் கப்பலும் பாரந்தூக்கியும் அப்பெட்டகத்திற்கேற்ப அமைக்கப்பட்டமையே. 1968இல் அனைத்துலகத் தர அமைப்பு அதன் அளவுகளை வரையறுத்த பின், எந்நாட்டுப் பெட்டகமும் எந்நாட்டுத் துறையிலும் இறங்கும் நிலை உருவாயிற்று.

இவ்வலை நம் நிலத்தை அடையச் சில ஆண்டுகள் ஆயின. 1981இல் பெங்களூரில் உள்நாட்டுப் பெட்டக நிலையம் தொடங்கப்பெற்றது. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் பெட்டக முனையம் அமைந்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பெருவழியில் நின்றது ஓசூர். 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் அங்குத் தொழிற்பேட்டை அமைக்க, அசோக் லேலண்டும் டிவிஎஸ்சும் டைட்டனும் 1980களில் அவ்வூரைத் தொழில் நகரமாக்கின.

ஆயினும் பெட்டகம் எல்லையில் நின்றது. சூசூவாடியிலும் அத்திப்பள்ளியிலும் இருந்த வணிகவரிச் சாவடிகளில் சரக்குந்துகள் வரிசையில் காத்திருந்தன. 2017 சூலை 1ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது அச்சாவடிகள் நீங்கின. 2018 ஏப்ரல் முதல் மாநிலங்களுக்கிடையே செல்லும் சரக்கிற்கு மின்வழிச் சீட்டு வந்தது. பொதியை அவிழ்த்துப் பார்க்கும் முறை அருகி, பொதியோடு செல்லும் பதிவை நோக்கும் முறை ஓங்கிற்று. இது பழைய புலிப்பொறியின் நெறியே அன்றிப் பிறிதன்று.

மென்பொருட் பெட்டகம்

இனி மூன்றாம் பொதியை நோக்குவோம். ஒரு கணினியில் நன்கு இயங்கிய மென்பொருள் மற்றொன்றில் இயங்காது போதல் நெடுங்காலக் குறை. மென்பொருள் தனித்து இயங்குவதன்று. பல துணைநிரல்களையும் அமைப்புகளையும் சார்ந்தே இயங்குவது. அவற்றுள் ஒன்று வேறுபடினும் முழுதும் நின்றுவிடும். இக்குறையைப் போக்கும் முயற்சி படிப்படியாக வளர்ந்தது. 1979இல் யுனிக்சின் ஏழாம் பதிப்பில் ஒரு நிரலை ஓர் அடைவுக்குள் அடக்கிவைக்கும் வசதி தோன்றியது. 2000இல் ஃபிரீபிஎஸ்டி ‘சிறை’ என்னும் அமைப்பைத் தந்தது. 2008இல் லினக்சின் கருநிரலில், ஒவ்வொரு நிரற்கூட்டமும் கொள்ளும் நினைவகத்தையும் கணிப்பாற்றலையும் வரையறுக்கும் முறை சேர்ந்தது. 2013 மார்ச்சில் டாக்கர் வெளிவந்தபோது இவையனைத்தும் எளிய கருவியாகத் திரண்டன.

இங்குப் படிமம், பெட்டகம் என்னும் இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். படிமம் என்பது மென்பொருளும் அதற்கு வேண்டும் துணைகளும் அடுக்கடுக்காக அமைந்த, மாறாத கட்டு. அதனை இயக்கும்போது உண்டாவது பெட்டகம். ஒரே படிமத்திலிருந்து ஆயிரம் பெட்டகங்களையும் தோற்றுவிக்கலாம். அவை தாம் இயங்கும் கணினியின் கருநிரலையே பகிர்ந்து கொள்வதால், தனித்தனி இயங்குதளத்தைச் சுமக்கும் மெய்நிகர்ப் பொறிகளினும் இலேசானவை.

பெட்டகங்கள் பெருகியபின் அவற்றை ஆளும் முறையும் வேண்டியதாயிற்று. 2014இல் கூகுள் வெளியிட்ட குபர்நெட்டீசு இத்துறையில் நிலைபெற்றது. ‘இத்தனை பெட்டகங்கள் என்றும் இயங்குக’ என ஏட்டில் எழுதிவைத்தால், ஒன்று வீழுமிடத்து மற்றொன்றை அதுவே எழுப்பும். மேகக் கணிமைத் தளத்தின் கணினிகளையும் வலையையும்கூட இவ்வாறே எழுதிவைத்து அமைக்கும் வழக்கம் வந்துள்ளது. பாராமகாலில் வயலுக்குக் கணக்கு எழுதியது போன்றதே இது. கணக்கில் எழுதாமல் ஒருவர் தளத்தில் கைவைத்து மாற்றின், ஏடு ஒன்று கூற நிலம் வேறொன்றாகும்.

படிமத்தின் வடிவத்தைப் பொதுவாக்கும் பணி 2015இல் தொடங்கி, 2017 சூலையில் அதன் முதல் நிறைபதிப்பு வெளிவந்தது. ஓசூர் எல்லையில் சாவடிகள் நீங்கிய திங்களும் அதுவே. இவ்விரண்டிற்கும் காரணத் தொடர்பு இல்லை; ஆயினும் கருத்தொற்றுமை உண்டு.

பொறியும் பெயரும்

ஒவ்வொரு படிமத்திற்கும் இருவகை அடையாளம் உண்டு. ஒன்று, உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் 64 குறிகள் கொண்ட எண். உள்ளே ஓர் எழுத்து மாறினும் இவ்வெண் மாறிவிடும். இது பொறி. மற்றொன்று, மக்கள் இடும் பெயர். ‘லேட்டஸ்ட்’ என்பது அவ்வாறு பலரும் இடும் பெயர். இப்பெயரை இன்று ஒரு படிமத்திற்கும் நாளை வேறொன்றிற்கும் உரிமையாக்கலாம். அதியமான் பெருவழிக் கல்லில் எழுத்தும் குழியும் பிரியாதிருந்தன. படிமக் களஞ்சியத்திலோ பெயரும் பொறியும் பிரிந்து போதல் இயலும். நேற்று இயங்கிய தொழிலகப் பணி, எவரும் எதனையும் மாற்றாதிருக்கவும், இன்று நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆதலின் பெயரைக் கொண்டு படிமத்தை அழைத்தலினும் பொறியைக் கொண்டு அழைத்தலே நெறி.

களஞ்சியம் எவர் கையில் உள்ளது என்பது அடுத்த வினா. டாக்கர் நிறுவனத்தின் பொதுக் களஞ்சியத்திலிருந்து உலகினர் வரம்பின்றிப் படிமங்களை எடுத்து வந்தனர். 2020 நவம்பரில் அந்நிறுவனம், பெயர் பதியாதோர் 6 மணி நேரத்திற்கு 100 முறை மட்டுமே எடுக்கலாம் என வரம்பு கட்டியது. அது அந்நிறுவனத்தின் உரிமையே. ஆயினும், வழி திறந்தே இருக்கும் என எண்ணித் தம் பணிகளை அமைத்தோர் அன்று சாவடிமுன் நின்றனர். 1844இலும் 2017இலும் நிலத்தில் நீங்கிய தடை, கண்ணுக்குப் புலனாகாத வழியில் மீண்டும் தோன்றியது எனலாம்.

இது தொலைவிலுள்ளார்க்கே உரிய செய்தியன்று. ஓசூரில் ஏதரும் போச்சம்பள்ளியில் ஓலாவும் ஆக்கும் மின் இருசக்கர வண்டிகள் விற்றபின்னும் காற்றுவழியே புதிய மென்பொருளைப் பெறுகின்றன. இவ்வட்டாரத்தில் ஆக்கப்படும் பொருள் இரும்பு மட்டுமன்று என்பது இதனால் விளங்கும். 2024 மே மாதத்தில் ஓலா தன் கணிமைப் பணிகளை மைக்ரோசாஃப்ட்டின் அசூரிலிருந்து தன் குழுமத்தின் கிருத்ரிம் தளத்திற்கு மாற்றுவதாக அறிவித்தது. பெருநிறுவனம் தனக்கெனத் தாவளம் அமைத்துக்கொள்ளும். சிப்காட்டில் உதிரி உறுப்புகள் செய்யும் சிறு பட்டறைக்கு அது இயலாது. அதற்கு இயல்வது, தனக்கு வேண்டும் படிமங்களின் படியொன்றைத் தன் களஞ்சியத்தில் வைத்தலும், பொதுவடிவினின்று வழுவாமையும், பொறிகளைக் கணக்கில் எழுதிவைத்தலுமே. இம்மூன்றும் இருப்பின் ஒரு தளத்தை விட்டு மற்றொன்றிற்குச் செல்லுதல் அரிதன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பொதியின் உரிமைப் பயணம் மூன்றனைச் சார்ந்தது என்பது போதரும்: எல்லாரும் ஒப்பிய அளவு, உள்ளடக்கத்தோடு பிரியாத பொறி, உடையவன் கையிலுள்ள கணக்கு. இவற்றுள் ஒன்று குறையினும் பொதி வழியில் நிற்கும். மாட்டுப்பொதி நின்றபோது வணிகன் தன் கண்ணெதிரே சாவடியைக் கண்டான். மென்பொருட் பொதி நிற்கும்போது சாவடி இருப்பதே பலர்க்கும் புலனாவதில்லை. அதனைப் புலப்படுத்துவதற்கு, பல எல்லைகளைக் கண்ட இவ்வழியின் வரலாறு துணைசெய்யும்.