ராணியின் சிப்பாயும் இரண்டு தலைமுறையும்

2025 ஜூலை 26. ஜார்ஜியா நாட்டின் படுமி நகரம். மகளிர் உலகக்கோப்பை சதுரங்க இறுதிப்போட்டியில் இரண்டு இந்தியப் பெண்கள் எதிரெதிரே அமர்ந்தனர். ஒருவர் 38 வயது கொனேரு ஹம்பி. மற்றவர் 19 வயது திவ்யா தேஷ்முக்.

பெண்களில் முதன்முதலாக, 1978-இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற நோனா கப்ரிந்தாஷ்விலி பிறந்த நாடு ஜார்ஜியா. இந்தியாவில் அந்தப் பட்டத்தை முதலில் பெற்ற பெண் ஹம்பி. ஆண்டு 2002. அப்போது அவருக்கு வயது 15. திவ்யா அன்று பிறக்கவே இல்லை!

முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களுடன் ஆடிய திவ்யா, ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை நகர்த்தித் தொடங்கினார். பிறகு பக்கத்துச் சிப்பாயையும் முன்னே தள்ளி, "வேண்டுமானால் வெட்டிக்கொள்" என்று நீட்டினார். ஹம்பி வெட்டினார். 'குயின்ஸ் கேம்பிட்' எனப்படும் மிகப் பழமையான தொடக்கம் இது. ஒரு சிப்பாயைக் கொடுத்துப் பலகையின் மையத்தைப் பிடிப்பதே இதன் நோக்கம். வெட்டிய சிப்பாயைக் கறுப்பால் நெடுநேரம் காப்பாற்றுவது கடினம் என்பதால், இது உண்மையில் பெரிய தியாகம் அல்ல.

திவ்யாவுக்கு நல்ல வாய்ப்பு அமைந்தது. ஆனால் அது கைநழுவியது. அனுபவசாலியான ஹம்பி தாக்குப்பிடிக்க, ஆட்டம் 41 நகர்த்தல்களில் டிரா ஆனது. மறுநாள் ஆட்டமும் டிரா. ஜூலை 28-இல் நடந்த டைபிரேக்கரின் முதல் விரைவு ஆட்டமும் அப்படியே முடிந்தது. அடுத்ததில் கறுப்புக் காய்களுடன் ஆடிய திவ்யா வென்றார். முடிவு 2.5 - 1.5.

வழக்கமாகக் கிராண்ட்மாஸ்டர் ஆவதற்கு மூன்று 'நார்ம்'களும் 2500 தரப்புள்ளிகளும் வேண்டும். ஒரு நார்ம்கூட இல்லாமல் படுமிக்கு வந்த திவ்யா, கோப்பையை வென்றதால் நேரடியாக அந்தப் பட்டத்தைப் பெற்றார். ஹம்பி, ஹரிகா, சென்னையின் வைஷாலி ஆகியோருக்கு அடுத்து, இந்தியப் பெண்களில் நான்காவது கிராண்ட்மாஸ்டர் அவர்.

ஹம்பிக்குப் பிறகு ஹரிகா பட்டம் பெற ஒன்பது ஆண்டுகள் ஆயின. அத்தனை காலம் ஹம்பி தனியாக நடந்த பாதை அது. அதே பாதையில் வந்த ஒரு பெண்ணிடம்தான் அவர் தோற்றார். எனவே இதை ஹம்பியின் தோல்வி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவர் தொடங்கி வைத்ததன் பலனும் இதுதான்!