கொல்லையிலிருந்து மொட்டைமாடிக்கு

சென்னை, கோயம்புத்தூர் முதலிய நகரங்களின் மொட்டைமாடிகளில், பச்சை நிழல்வலைக்கு அடியில் வரிசையாக நிற்கும் பைகளையும் தொட்டிகளையும், அவற்றில் காய்த்துத் தொங்கும் கத்தரியையும் வெண்டையையும் காண்கிறவர்கள், இது நம் காலத்தில் பிறந்த புதுப் பழக்கம் என்றே எண்ணுகிறார்கள். பையும் வலையும் புதியவை என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் ஒரு குடும்பம் தான் புழங்கிய நீரையும் தன் அடுக்களைக் கழிவையும் கொண்டே குழம்புக்கு வேண்டிய காயையும், குழந்தையின் இருமலுக்கு வேண்டிய தழையையும் விளைவித்துக்கொள்வது இந்நாட்டில் மிகப் பழைய வழக்கம். அது நடந்த இடம் கொல்லை. அந்தக் கொல்லை எவ்வாறு நம்மை விட்டுப் போயிற்று, அதில் எது மாடிக்கு ஏறி வந்தது, எது கீழேயே நின்றுவிட்டது என்று சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது, சரித்திர ருசி உள்ளவர்களுக்கு மட்டுமன்றித் தொட்டியில் ஒரு மிளகாய்ச் செடி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் பிரயோஜனப்படும்.

திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை என்று தெருவிலிருந்து பின்னோக்கி நீண்டுகொண்டே போகும் தஞ்சைப் பிரதேசத்துப் பழைய வீடுகளில், அடுக்களைக்கு அப்பால் கிணறும் கிணற்றுக்கு அப்பால் கொல்லையும் அமைந்திருந்தன. அந்த அமைப்பு யதேச்சையாக ஏற்பட்டதன்று. பாத்திரம் தேய்த்த நீரும், துணி துவைத்த நீரும், குளித்த நீரும் கிணற்றடியிலிருந்து ஒரு சிறு வாய்க்கால் வழியே இறங்கும். எவ்வளவு அழுக்கு நீரையும் சலிக்காமல் குடிக்கும் வாழையும் சேம்பும் அந்த வாய்க்காலின் வாயிலேயே நிற்கும். அவை குடித்தது போக எஞ்சிக் கசிவது கத்தரிக்கும் அவரைப் பந்தலுக்கும் போய்ச் சேரும். ஈரம் அதிகமானால் வேரழுகிப்போகும் முருங்கைக்கு வேலியோரத்து மேட்டு நிலமே இடம். அரிசி களைந்த நீர் கழுநீர்த் தொட்டியில் சேர்ந்து மாட்டுக்குப் போகும். மாடில்லாத வீட்டில் அது கறிவேப்பிலையின் அடியில் விழும். புளித்த மோரும் அதற்கே. மாட்டுக்குப் போனதும் வீணாவதில்லை. சாணமாகிக் குப்பைக்குழியில் மக்கி, பிறகு கொல்லைக்கே திரும்பி வந்துவிடும். அடுப்புச் சாம்பலை ஒரு பழைய முறத்தில் வைத்துக்கொண்டு, விடியற்காலையில் இலையில் பனி ஈரம் இருக்கும்போதே அவரைக் கொடியின் மீது தூவினால் அசுவினி அண்டாது என்பது வீட்டுப் பெண்கள் அனைவரும் அறிந்த வித்தை.

அக்கொல்லையின் பராமரிப்பு முழுவதும் பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தது என்பதைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் போதிய அளவு கவனித்ததில்லை. வயலுக்கு விதை ஆண்களின் பொறுப்பு. குதிரும் பத்தாயமும் அவர்களுடைய கணக்கு. கொல்லைக்கு விதையோ பாட்டியின் பொறுப்பு. நன்றாக முற்றிய பீர்க்கங்காயைப் பறிக்காமல் கொடியிலேயே காயவிட்டு, அது கூடாகிக் குலுக்கினால் சலசலக்கும் வரை காத்திருந்து எடுப்பார்கள்; பூசணி விதையையும் சுரை விதையையும் சாணத்தில் புதைத்து வறட்டியைப் போலக் கொல்லைச் சுவரில் அப்பி வைப்பார்கள். பூச்சி துளைக்காமல் அந்த விதை அடுத்த ஆடி வரை அங்கேயே காத்திருக்கும். பந்தலில் இறங்கும் பிஞ்சுப் புடலங்காயின் நுனியில் ஒரு சிறு கல்லை நூலால் கட்டித் தொங்கவிடும் வழக்கத்தை இன்றும் கிராமங்களில் காணலாம். சுருளாமல் நேராக நீண்ட காய்தான் அரிவதற்கு எளிது, விலைக்கும் போகும். இத்தகைய நுணுக்கங்கள் ஏட்டில் ஏறாமல் கைவழியாகவே வந்தவை. ஆதலால் கொல்லை அழிந்தபோது அவையும் ஓசையின்றி அழிந்தன.

கொல்லையின் பயிர்கள் யாவும் அனாதி காலமாக இங்கே இருந்தவை என்று நினைப்பதும் பிழை. இன்று மிளகாய் இல்லாத தமிழ் அடுக்களையைக் கற்பனை செய்யவும் முடியவில்லை. ஆனால் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியரின் கப்பல்களில் 16-ஆம் நூற்றாண்டில் வந்து இறங்கியது. பப்பாளியும் அக்கண்டத்ததே. கொல்லை எந்த விருந்தினரையும் ஏற்றுக்கொண்டது. வந்தவருக்கும் வாழையோரத்தில் இடம் கொடுத்தது.

இவ்வாறு நான் புகழ்வதால், பழைய கொல்லை ஸ்வர்க்கமாக இருந்தது என்று வாசகர் கருதிவிடக் கூடாது. அதே கொல்லையின் கோடியில்தான் நகரங்களில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. அதைச் சுத்தம் செய்ய மனிதர்கள் முன்வாசலைக் காணாமலே புறச்சந்து வழியாக வந்து போகும்படி வைத்திருந்த கொடுமையும் இருந்தது. காலரா போன்ற கொள்ளைநோய்கள் ஆண்டுதோறும் நகரத்தை வாட்டியதும் மெய். பாதாளச் சாக்கடை வந்ததை எவரும் குறை சொல்ல நியாயமில்லை. ஆனால் அது கொண்டுபோனவற்றுள் கொல்லையும் ஒன்று என்பதைக் குறித்து வைப்பது சரித்திரத்தின் கடமை.

இனி, தொட்டியின் கதைக்கு வருவோம். மண்கலத்தில் செடி வளர்ப்பது நமக்குப் புதிதன்று. ஆனால் நெடுங்காலம் அது உணவுக்காக நடந்ததில்லை. முளைப்பாரியை எடுத்துக்கொள்ளலாம். மண்சட்டியில் வைக்கோலும் எருவும் பரப்பி, ஊறவைத்த நவதானியங்களைத் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்து, பெண்கள் விரதத்தோடு நீர் தெளித்து வளர்ப்பார்கள். வெயில் படாததால் முளைகள் வெளிர்மஞ்சளாய் நெடுநெடுவென்று உயரும். மாரியம்மன் திருவிழாவில் தலையில் சுமந்து சென்று, இறுதியில் நீர்நிலையில் விட்டுவிடுவார்கள். கல்யாணத்தில் பாலிகை தெளிப்பதும் இவ்வகையே. பழைய கிரேக்க நாட்டில், ஆதென்ஸ் நகரத்துப் பெண்கள் அடோனிஸ் என்ற தெய்வத்தின் விழாவுக்காக உடைந்த கலங்களில் விரைவில் முளைக்கும் கீரைகளையும் தானியங்களையும் விதைத்து, வீட்டுக் கூரைமேல் ஏற்றி வைத்தார்கள் என்பதும், புத்தியுள்ள உழவன் தன் நல்ல விதையை அத்தகைய தோட்டத்தில் போட்டு எட்டு நாளில் பலனை எதிர்பார்ப்பானா என்று பிளேட்டோவின் நூல் ஒன்றில் சாக்ரட்டீஸ் கேட்பதும் இங்கே நினைக்கத்தக்கவை. இரண்டு தேசத்திலும் கலத்தில் முளைத்தது தெய்வத்துக்கு. உண்பதற்கு வேண்டியது நிலத்தில். நம் முற்றத்துத் துளசி மாடமும் பூஜைக்கும் மருந்துக்கும் உரியதேயன்றிக் கறிக்கு உரியதன்று.

அழகுக்காகத் தொட்டி வைக்கும் வழக்கத்தைப் பரப்பியவர்களில் ஆங்கிலேயர்கள் முக்கியமானவர்கள். 1835-இல் சென்னையில் விவசாய தோட்டக்கலைச் சங்கம் நிறுவப்பட்டது. தாவர சாஸ்திரி ராபர்ட் வைட் அதன் ஆரம்பத்தோடு சம்பந்தப்பட்டவர். பங்களா வராந்தாக்களில் குரோட்டன்ஸும் பெரணியும் சிவப்புத் தொட்டிகளில் அணிவகுத்தன. அதைப் பார்த்து நம்மவர் வீட்டு முன்புறங்களிலும் தொட்டிகள் வந்தன. காய்கறிக்கு அதில் இன்னும் இடமில்லை.

அதற்கு இடம் உண்டானது, நகரத்தின் நீர் வழி மாறியபோதுதான். 1872-இல் செங்குன்றம் ஏரியின் நீர் கால்வாய் வழியே சென்னைக்கு வந்தது. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையம் தொடங்கிற்று. 1910-இல் வகுக்கப்பட்ட பாதாளச் சாக்கடைத் திட்டம், 1961-இல் நகரத்தின் ஜனத்தொகை 6,60,000 இருக்கும் என்ற அனுமானத்தின் மேல் கட்டப்பட்டது. அந்த ஆண்டு வந்தபோது ஜனத்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. குழாயில் வந்த நீர் குழாயிலேயே போகத் தொடங்கியதும் கிணற்றடி வாய்க்காலுக்கு வேலையில்லாமல் போயிற்று. வாய்க்கால் வறண்ட பின் வாழை நிற்குமா? வெறும் காலிமனையாகிவிட்ட கொல்லையில், பெருகிவந்த ஜனக்கூட்டத்துக்காக மேலும் இரண்டு அறைகளைக் கட்டி வாடகைக்கு விடுவது வீட்டுக்காரருக்கு நியாயமாகவே தோன்றியது.

அவ்வாறு திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் பெருகிய ஒண்டுக்குடித்தனங்களில்தான், என் அபிப்பிராயத்தில், இன்றைய தொட்டித் தோட்டம் உண்மையாகப் பிறந்தது. ஊரில் கொல்லையோடு வாழ்ந்து, உத்தியோக நிமித்தம் நகரத்துக்கு வந்த குடும்பங்கள், குறுகலான நடையிலும் மாடிப்படியிலும் கைப்பிடிச் சுவரிலும், ஓட்டைக் குடத்தையும் மண்ணெண்ணெய் டின்னையும் டால்டா டப்பாவையும் வைத்து மண் நிரப்பின. அடியில் ஆணியால் நாலு துளை போட்டு, மண் ஓடிவிடாமல் நீர் மட்டும் வடியும்படி துளையின் மேல் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் மணலும் மண்ணும் எருவும் கலந்து போடுவார்கள். காம்பைக் கிள்ளி ஊன்றினாலே பிழைத்துக்கொள்ளும் கற்பூரவல்லி, கடையில் வாங்கிய கட்டில் மிஞ்சிய தண்டிலிருந்து வேர்விடும் புதினா, ரசத்துக்குத் தூதுவளை, உடைத்துத் தூவிய தனியாவிலிருந்து கொத்துமல்லி, காய்ந்த வற்றலின் விதையிலிருந்து மிளகாய் என்று, காசு கொடுத்து விதை வாங்காமலே அத்தோட்டம் நிறைந்தது. முளைப்பாரிச் சட்டியும் துளசி மாடமும் செய்யாத காரியத்தை டால்டா டப்பா செய்தது. கலத்தில் வளர்ந்தது முதன்முறையாக இலைக்கு வந்தது.

இதனிடையே யுத்தம் வந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. மறுவருஷம் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பஞ்சத்தில் மாண்டார்கள். ‘அதிக உணவு விளைவிப்போம்’ என்ற இயக்கத்தை அரசாங்கம் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பின்னும் அது நீடித்தது. 1950-இல் உணவு மந்திரி முன்ஷி வனமகோத்சவம் என்ற மரம் நடும் விழாவையும் ஆரம்பித்து வைத்தார்.  1952-இல் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரி ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். மக்கள் ரேஷன் கவலையை மறந்தார்கள். ஒரு நெருக்கடியால் பிறந்த உற்சாகம் அந்த நெருக்கடியோடு போய்விடுவது சகஜம். டப்பாச் செடிகளோ எந்த இயக்கத்தையும் நம்பி வைக்கப்படாததால் அப்படியே நின்றன.

அடுக்குமாடி வீடுகள் பெருகியபோது நடையும் முற்றமும் போய், மொட்டைமாடி ஒன்றே மிஞ்சிற்று. ஆனால் மாடிக்கு மண்ணை ஏற்றுவது சுலபமன்று. ஒரு கன அடி ஈரமண் ஏறத்தாழ 50 கிலோ எடை இருக்கும். தளம் தாங்குமா, நீர் கசியுமா என்ற பயம் நியாயமானது. இதற்கு விடையளித்தது தென்னை. கயிறு திரிக்க நாரை எடுத்தபின் எஞ்சும் நார்க்கழிவு, பொள்ளாச்சிப் பக்கத்தில் மலைமலையாகக் குவிந்து, எளிதில் மக்காமல் எவருக்கும் வேண்டாததாகக் கிடந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைக் காளான் வித்தைக் கொண்டு மக்கவைக்கும் முறையைப் பரப்பியது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் அந்த இலேசான பொருள் மாடிக்கு ஏற்றதாயிற்று. 2013-14-இல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும், பைகளும் நார்க்கழிவுக் கட்டிகளும் விதைகளும் அடங்கிய பெட்டிகளை மானிய விலையில் வழங்கத் தொடங்கியபின் மாடித்தோட்டம் வேகமாகப் பரவியது. ஒன்று சொல்லவேண்டும்: அந்தக் கட்டியை ஊறவைத்தால் தேநீர் நிறத்தில் இறங்கும் நீரில் உப்பும் துவர்ப்பும் இருக்கின்றன, நிறம் தெளியும் வரை இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்தால்தான் நாற்று கருகாது. மேலும் அதில் சத்து அநேகமாக இல்லை. மக்கிய எரு சரிபாதியாவது சேர்ந்தாக வேண்டும்.

இங்கேதான் நான் மனம் வருந்திச் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது. பயிர்களையும் விதையாசையையும் நாம் மாடிக்குக் கொண்டுவந்துவிட்டோம். கிணற்றடி வாய்க்காலைக் கொண்டுவரவில்லை. அரிசி களைந்த நீரைச் சாக்கடையில் விட்டுவிட்டு, குடிக்க உதவும் நல்ல நீரை மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றுகிறோம். காய்த்தோலைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு எருவைப் பொட்டலத்தில் வாங்குகிறோம். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, தெருத்தெருவாக லாரிக்குக் காத்திருக்க நேர்ந்தபோது, இத்தகைய தோட்டத்துக்கு எங்கிருந்து நீர் விடுவது? கழுநீரில் வளரும் செடிக்கோ, வீட்டில் சோறு ஆகும் நாளெல்லாம் நீர் உண்டு.

ஆகையால் மாடியில் தோட்டம் வைக்க விரும்பும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இது. பையும் விதையும் வாங்குவதற்கு முன்பு, அடுக்களையில் ஒரு வாளியை வையுங்கள். அரிசியும் பருப்பும் காய்கறியும் கழுவிய, சோப்புக் கலவாத நீரை ஒரு வாரம் அதில் சேர்த்துப் பாருங்கள். ஒரு நாளில் அந்த வாளியில் எவ்வளவு சேர்கிறதோ, அவ்வளவு நீர் எத்தனை தொட்டிக்குப் போதுமோ, அத்தனை தொட்டிகளோடு ஆரம்பியுங்கள். நாலு தொட்டிக்குத்தான் போதும் என்றால் நாலு போதும்: ஒரு கறிவேப்பிலை, ஒரு மிளகாய், ஒரு புதினா, ஒரு கற்பூரவல்லி.