தேறல், பிராந்தி, பாண்டிச் சரக்கு: மரக்காணக் கடற்கரையின் மதுப்பெயர்கள்

ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, எயிற்பட்டினத்தில் நுளைமகள் அரித்த பழந்தேறலைப் பரதவர் பாணர்க்கு ஊட்டுவதைக் கூறுகிறது. அலை ஒதுக்கிய நறுமண மரமே அங்கு விறகு. அப்பட்டினம் இன்றைய மரக்காணம் என ஆய்வாளர் பலர் கொள்வர். தேறல் என்றால் தெளிந்தது. அரித்தலால் அமைந்த பெயர். இதில் வாலைவடிப்பை ஏற்றிக் காண்பது பொருந்தாது. நூல் மதுவை அரித்தவளைச் சுட்டுகிறது. மதுவுக்கு ஊர்ப்பெயர் சூட்டவில்லை.

உப்பு விளையும் இக்கடற்கரையோடு ஒப்பிடத்தக்கது பிரான்சின் கோன்யாக். சரான்த் ஆற்றங்கரையிலுள்ள அவ்வூரும் உப்பு வணிகத்தால் வளர்ந்ததே. கடலோர அளங்களின் உப்பை ஏற்ற வந்த வடநாட்டுக் கப்பல்கள் உள்நாட்டுத் திராட்சை மதுவையும் கொண்டு சென்றன. 17ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகரின் தேவையால் அம்மதுவை வாலையிலிட்டு வடிக்கும் தொழில் அங்கு வேரூன்றிற்று. 'எரித்த மது' எனப் பொருள்படும் டச்சுச் சொல்லே ஆங்கிலத்தில் பிராந்தி எனச் சுருங்கியது. ஆக, பிராந்தி செய்முறைப் பெயர், கோன்யாக் இடப்பெயர். 1909இல் பிரெஞ்சு அரசு நிலவெல்லை வகுத்தபின், ஊர்ப்பெயர் சட்ட உரிமையாயிற்று.

தமிழகத்தில் சாராயத்துக்கு அத்தகைய உரிமை வாய்க்கவில்லை. வேலம்பட்டை சேர்த்தது பட்டைச் சாராயம். அது செய்பொருளால் வந்த பெயர். 1948இல் மதுவிலக்கு சென்னை மாகாணம் முழுவதும் பரவியபோது, மரக்காணத்துக்குத் தெற்கே புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது; 1954இல் அவ்வாட்சி நீங்கிய பின்னும் மதுச் சட்டம் இருபுறமும் வேறாகவே நின்றது. இவ்வேறுபாடே 'பாண்டிச் சரக்கு' எனும் வழக்கைத் தந்தது. தோற்றத்தில் இதுவும் கோன்யாக் போன்ற இடப்பெயர்தான். ஆனால் மண்ணையோ வடிக்கும் கைத்திறனையோ அது குறிக்கவில்லை, வரியெல்லையைக் குறித்தது. பிராந்தி என்ற பெயரோ திராட்சையைத் துறந்து, கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தின் மேலும் ஒட்டிக்கொண்டது.

பெயர் தளர்ந்த இடத்தில் பொருளும் மாறிவிடும். 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவர் ஊரில் பத்துக்கும் மேற்பட்டோர் குடித்து மாண்டனர். அது காய்ச்சிய சாராயமன்று, ஆலைப் பயன்பாட்டுக்குரிய மெத்தனால் என்று காவல்துறை தெரிவித்தது. ஆயினும் செய்திகளிலும் மக்கள் பேச்சிலும் அது கள்ளச்சாராயச் சாவு என்றே நிலைத்தது.