அருஷாவில் கேட்கப்பட்ட வினா

போர்க்காலத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் வன்கொடுமை தண்டிக்கப்படாமற் போனதற்குச் சட்டம் இல்லாமையே காரணம் என்று பலர் எண்ணுவர். வரலாறு இதனை முற்றும் ஆதரிப்பதில்லை. 1945இல் வகுக்கப்பட்ட நூரம்பர்க் நீதிமன்றச் சாசனத்தில் இக்குற்றத்தின் பெயர் இடம்பெறவில்லை என்பது உண்மையே. ஆனால் 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, தன் 27ஆம் பிரிவில், இதனை வெளிப்படையாகவே விலக்கிற்று. எனினும் அது இக்கொடுமையைப் பெண்ணின் மானத்தின்மீது நிகழும் தாக்குதலாகவே குறித்தது. நம் மொழியில் வழங்கிவந்த ‘கற்பழிப்பு’ என்ற சொல்லும் இதே எண்ணத்தைச் சுமந்து நிற்கிறது. இழந்தது மானம் எனில், நாணி ஒதுங்க வேண்டியவள் பாதிக்கப்பட்டவளே என்றாயிற்று.

இந்நிலையை அசைத்தது ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு வழக்கு. 1994இல் ருவாண்டாவில் துட்சி மக்கள் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 8 அன்று ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவை அமைத்த தீர்ப்பாயம், தான்சானியாவிலுள்ள அருஷாவில் கூடிற்று. அதன்முன் நிறுத்தப்பட்டவர்களுள் ஒருவர் டாபா வட்டாரத் தலைவராயிருந்த ழான் பால் அகாயேசு. முன்னர்ப் பள்ளி ஆசிரியர். 1997 ஜனவரியில் விசாரணை தொடங்கியபோது, குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

‘ஜே’ என்னும் எழுத்தால் மட்டுமே அறியப்பட்ட ஒரு சாட்சி, தம் 6 வயது மகளை ஆயுதம் ஏந்திய மூவர் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதைச் சொன்னார். நீதிபதிகள் அதனைக் கடந்து செல்லாமல் மேலும் வினவினர். வட்டார அலுவலகத்திலும் இளம்பெண்கள் இவ்வாறு துன்புறுத்தப்பட்டதாகத் தாம் கேள்விப்பட்டதை அவர் அப்போது வெளியிட்டார். பின்னர் வந்த ‘எச்’ என்ற சாட்சி தமக்கே நேர்ந்ததை உரைத்தார். அம்மூன்று நீதிபதிகளுள் ஒருவர் நவநீதம் பிள்ளை. 1941இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தமிழ் வழிவந்த குடும்பத்தில் பிறந்த அவரே அந்நாளில் அத்தீர்ப்பாயத்தின் ஒரே பெண் நீதிபதி. பெண்ணுரிமை அமைப்புகளும் நீதிமன்றத்திற்கு மனு அளித்தன. 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது.

1998 செப்டம்பர் 2 அன்று தீர்ப்பு வெளிவந்தது. ஓர் இனத்தை அழிக்கும் நோக்குடன் இழைக்கப்படும் பாலியல் வன்முறை இனப்படுகொலையே என்று பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று முதன்முறையாகத் தீர்த்தது. அகாயேசுவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2001இல் அவரது மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

இதனால் போர்க்களங்களில் இக்கொடுமை ஓய்ந்துவிடவில்லை. குற்றம் புரிந்தோரில் மிகப் பலர் எந்த நீதிமன்றத்தையும் கண்டதில்லை. ஆயினும் தண்டனையின்மை எங்கே வேரூன்றியிருக்கிறது என்பதை இவ்வழக்கு காட்டிற்று. சாட்சிகள் இருந்தனர், வினவுவோர் இல்லை.

இது திருச்சபைக்கும் உரிய பாடம். அப்சலோம் தாமாரை வாய்திறவாதிருக்கச் சொன்னான். தாவீது சினந்தும் நீதி செய்யவில்லை. அவ்வீட்டில் விளைந்தது பழியும் இரத்தமுமேயன்றி நீதியன்று. போதகரிடம் வரும் பெண் முதலில் வேறொரு துயரத்தையே பேசக்கூடும். அவள் இடையே நிறுத்தும்போது, பொறுமையோடு அடுத்த வினாவைக் கேட்பதும், வரும் விடையைத் தாங்கி நிற்பதும் மேய்ப்பரின் கடமையாகும்.