துணை மருந்தும் தங்கியிருத்தலும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

மருந்தின் வரலாறு சந்தையின் வரலாறுமாகும். ஹொவ்மன் லா றோஷ் நிறுவனம் 1960இல் லிப்ரியத்தையும் 1963இல் வலியத்தையும் சந்தைக்குக் கொணர்ந்தது. பென்சோடயசப்பீன் வகையினவான இவை பதற்றத்தையும் உறக்கமின்மையையும் தணிப்பன. வாழ்நிலையில் வேர்கொண்ட பதற்றமும் இவற்றின் வழியே தனிமனித நோயாக, பண்டமொன்றின் தேவையாக மாற்றப்பட்டது.

லிப்ரியத்தை மிகுந்த அளவில் உட்கொண்டோருக்கு அது திடீரென நிறுத்தப்பட்டபோது வலிப்பும் ஏற்பட்டமையை ஹொலிஸ்ரர் குழுவினர் 1961இலேயே எடுத்துக்காட்டினர். ஆயினும், இம்மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு வரையறுக்கும் அறிவுரை பிரித்தானியாவில் 1988இலேயே வெளிவந்தது.

இதனிடையே, தங்கியிருத்தலிலிருந்து விடுபடத் துணை மருந்துகள் தேடப்பட்டன. புரொப்ரனலோல் படபடப்பையும் நடுக்கத்தையும் குறைத்தது, வலிப்பைத் தடுக்கவில்லை. மனச்சோர்வு மிக்கவிடத்து அதற்குரிய மருந்துகள் பயன்பட்டன. காபமசப்பீனும் பரிசோதிக்கப்பட்டது. எனினும், இவற்றுள் எதுவும் படிப்படியான குறைப்புக்கு மாற்றாக நிறுவப்படவில்லை.

நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை சிகிச்சை நிலையம் நடத்திய ஹெதர் அஷ்ரன், உடலில் நீண்டநேரம் நிற்கும் டயசிப்பாமுக்கு நோயாளரை மாற்றி, அதனைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். குறைப்பின் வேகத்தை நோயாளரே தீர்மானித்தனர். 2025ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டலும், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கொருமுறை 5 முதல் 10 சதவீதக் குறைப்புடன் தொடங்குவதையே பரிந்துரைக்கின்றது.

இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. நிறுவனத்தின் இலாபவேட்கையைக் கண்டிக்கும் நாம், நோயாளரை நோக்கி ‘உடனே நிறுத்துக’ எனக் கூறுவோமாயின், அவ்வேட்கையின் விலையை மீண்டும் அவர்தம் உடல்மீதே சுமத்துபவராவோம்.