முச்சந்திக் கணக்கு: ஊரின் எல்லாத் தெருவிலும் ஓடுதல்

1. பொருள்

தன் ஊரின் தெரு, சந்து, முடுக்கு எதையும் விடாமல் ஒருவர் ஓடி முடிப்பதே இங்கு ஆய்பொருள். 2018இல் அமெரிக்க ஓட்டக்காரர் ரிக்கி கேட்ஸ் சான்பிரான்சிஸ்கோவின் எல்லாத் தெருக்களையும் 46 நாளில் ஓடி முடித்தார். சுமார் 2,000 கிலோமீட்டர். வெள்ளாற்றங்கரைத் திட்டக்குடியில் அவ்வளவு தூரத்துக்கு இடமே இல்லை. இங்கே இடறுவது இரண்டு: ஒன்று கணக்கு, மற்றது வழக்கம்.

2. கணக்கு

ஓடிய தெருவில் மறுபடி ஓடாமல் ஊரை முடிக்க முடியுமா? கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களை வைத்து 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் விடை சொன்னார். அதை நம் சொல்லிலேயே சொல்லிவிடலாம். நாற்சந்தி தொல்லை தராது. வந்த வழி ஒன்றுக்குப் போகும் வழி ஒன்று இருக்கும். முச்சந்தியில் ஒரு வழி மிஞ்சும். முட்டுச்சந்திலோ போன வழியே திரும்ப வேண்டும். இப்படி ஒற்றைப்படை வழிகள் கூடும் இடங்கள் இரண்டுக்கு மேல் இருந்தால், ஏதோ ஒரு தெருவை இருமுறை மிதித்தே ஆக வேண்டும்.

சிதம்பரத்தை எடுத்துக்கொள்வோம். கீழ, தெற்கு, மேல, வடக்கு வீதிகளை மட்டும் ஓடினால் ஒரே சுற்றில் முடியும். நான்கு கோபுரங்களுக்கும் போகும் சந்நிதிகளைச் சேர்த்தால் நான்கு முச்சந்தி, நான்கு முட்டு. தொடங்கிய இடத்திலேயே முடிப்பதென்றால், ஒவ்வொரு சந்நிதியிலும் கோபுரம்வரை போய்த் திரும்ப வேண்டியதுதான். பக்தர் காலங்காலமாகச் செய்வதும் அதுவே!

மிகக் குறைந்த தூரம் மறுபடி நடந்து எல்லாத் தெருவையும் முடிப்பது எப்படி என்பதை 1960இல் சீனக் கணிதவியலாளர் குவான் மெய்கு ஆராய்ந்தார். அதற்குச் ‘சீனத் தபால்காரர் கணக்கு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஓட்டக்காரர் பெயரில் வழங்காமல் தபால்காரர் பெயரில் வழங்குவது பொருத்தம் என்பேன். அவரால்தான் எந்தத் தெருவையும் விட முடியாது.

3. வழக்கம்

நம் ஊர்களில் தேர் ஓடுவது வீதியில். வீதி வேறு, தெரு வேறு. சாமி உலா ஊரைச் சுற்றியது என்போம். சுற்றியது நான்கு வீதி. ஒடுக்கப்பட்ட சாதியார் வாழும் காலனிப் பக்கம் திரும்பாத உலாக்களை நாம் அறிவோம். ஆக, ‘எல்லாத் தெருவும்’ என்ற சொல் நம் மண்ணில் எளிய சொல்லன்று.

வைக்கத்தில் 1924இல் தொடங்கிய, பெரியார் சிறை சென்ற போராட்டம் கோயிலுக்குள் போவதற்காக நடந்ததன்று. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காக. 1925இல் மூன்று பக்கம் திறந்தது. கிழக்குப் பக்கம் திறக்க 1936 ஆனது. அதே 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுத் தெரு, சாலை, பாதை எதிலும் எவரும் நடக்கலாம். 1925இல் அது அரசிதழில் வெளியானது. நடப்பதற்கே தீர்மானம் வேண்டியிருந்த மாகாணத்தில், ஓடுவதைப் பொழுதுபோக்காக மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

4. களம்

நம் ஊர்களில் விடிகாலையில் ஓடும் இளைஞர் பலர் காவலர் தேர்வுக்காக ஓடுகிறார்கள்: ஆண்களுக்கு 1,500 மீட்டர், ஏழு நிமிடம். மைதானமோ பெரிய சாலையோ அவர்களுக்குப் போதும். உள்தெருவில் ஓடுபவருக்கு வரும் சோதனை வேறு. வாசல் தெளித்துக் கோலப்பொடியோடு குனிந்திருப்பவர் நிமிர்ந்து கேட்பார்: “யாரு வீட்டுக்குப்பா?” அந்தக் கேள்வியில் அக்கறையும் உண்டு, விசாரணையும் உண்டு. எந்தத் தெருவில் எது மிகுதி என்பதை ஜிபிஎஸ் கடிகாரம் குறிக்காது. ஓடியவர் நோட்டில் எழுத வேண்டும். நியூயார்க்கின் தெருக்களை ஏறத்தாழ முழுவதும் நடந்து 2013இல் நூல் வெளியிட்ட சமூகவியலாளர் வில்லியம் ஹெல்ம்ரைக், வழியில் கண்டவர்களிடம் நின்று பேசியதைத்தான் தரவாகக் கொண்டார்.

இன்னொரு சிக்கல், பட்டியல். கைபேசி வரைபடம் வீட்டு இடுக்குச் சந்துகளை விட்டுவிடும். போடாத மனைப்பிரிவுச் சாலையைப் போட்டதாகக் காட்டும். திட்டக்குடியில் ஓட இறங்குபவர், காலணி வாங்குவதற்கு முன் அந்த வரைபடத்தைத் தபால்காரரிடம் காட்டித் திருத்தி வாங்கிக்கொள்ளட்டும்.