ஒரே குரோமோசோம், வேறு வேறு ஆயுள்

அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் இளம் வயதில் இறந்தால், "அவங்களுக்கு ஆயுசே அவ்வளவுதான்" என்று ஊரும் சொல்கிறது, மருத்துவமனையும் சொல்கிறது. களப்பணியில் நாம் திரும்பத் திரும்பக் கேட்கும் பேச்சு இது. இது உண்மைதானா? டவுன் சிண்ட்ரோமின் வரலாற்றை வைத்துப் பார்ப்போம்.

1866இல் இங்கிலாந்தின் எர்ல்ஸ்வுட் காப்பக மருத்துவர் ஜான் லாங்டன் டவுன், தன் பராமரிப்பில் இருந்தவர்களை இனவாரியாக வகைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார். ஒரே மாதிரி முகத்தோற்றம் கொண்ட வெள்ளைக் குழந்தைகளை 'மங்கோலிய' வகை என்றார். மனித இனம் ஒன்றே என்பதற்கான ஆதாரமாகத்தான் அவர் இதை முன்வைத்தார். ஆனாலும், குறையுள்ள குழந்தை வேறொரு இனத்தின் சாயலுக்கு இறங்கிவிட்டது என்ற படிநிலை அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது. 21ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதே காரணம் என்று 1959இல் பிரான்சில் கண்டறியப்பட்டது. அதன் பிறகும் பெயர் ஒழியவில்லை. 1965இல் மங்கோலியா முறையிட்ட பிறகே உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டது.

பெயர் போனாலும் பார்வை போகவில்லை. நியூயார்க்கின் வில்லோபுரூக் விடுதி 4,000 பேருக்காகக் கட்டப்பட்டது. 1960களில் அங்கே 6,000 பேர் அடைக்கப்பட்டிருந்தார்கள். அங்கிருந்த குழந்தைகளுக்கு வேண்டுமென்றே கல்லீரல் அழற்சி வைரஸைச் செலுத்தி ஆய்வு நடத்தினார்கள். 1982இல் இண்டியானாவில் டவுன் சிண்ட்ரோமுடன் ஒரு குழந்தை பிறந்தது. அதன் உணவுக்குழாய் அடைப்பை அறுவை சிகிச்சையால் சரிசெய்திருக்கலாம். பெற்றோர் மறுத்தார்கள், நீதிமன்றமும் தலையிடவில்லை. ஆறே நாளில் குழந்தை இறந்தது.

இனி எண்களுக்கு வருவோம். இறந்தவர்களை வயது வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வயதை 'இடைநிலை வயது' என்கிறோம். அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அது 1983இல் 25. 1997இல் 49. பதினான்கு ஆண்டுகளில் குரோமோசோம் மாறவில்லை. இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இதயக் குறையுடன் பிறக்கிறார்கள். அதற்கான அறுவை சிகிச்சை இவர்களுக்கும் கிடைக்கத் தொடங்கியது. பெரிய விடுதிகளை விட்டு வீட்டில் வளர்ந்தார்கள். ஆயுள் கூடியது.

ஆனால் யாருக்குக் கூடியது? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2001இல் இறப்புச் சான்றிதழ்களை இனவாரியாகப் பிரித்துப் பார்த்தது. 1997இல் வெள்ளையருக்கு இடைநிலை வயது 50. கறுப்பின மக்களுக்கு 25. பிற இனத்தவருக்கு 11. எல்லோருக்கும் அதே கூடுதல் குரோமோசோம்தான். சிகிச்சை எட்டும் தூரம், வருமானம், கல்வி ஆகியவற்றைச் சாத்தியமான காரணங்களாக அந்த அறிக்கையே சொன்னது. டவுன் போட்ட இனப் படிநிலை, 130 ஆண்டுகளுக்குப் பிறகு இறப்புக் கணக்கில் வந்து நின்றது.

தோழர்களே, இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. இந்தியாவில் தலித் பெண்களின் சராசரி இறப்பு வயது, உயர்த்தப்பட்ட சாதிப் பெண்களுடையதைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் சொன்னது. அப்படியானால் சேரியில் பிறந்த, அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பெண்ணின் ஆயுள் எவ்வளவு? இரண்டு ஒடுக்குமுறைகளும் சேரும் இடத்தில் நிற்பவர் அவர். சாதியையும் குறைபாட்டையும் சேர்த்து எண்ணாத எந்தக் கணக்கிலும் அவர் தென்படமாட்டார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசு மருத்துவமனைகளில் முன்னுரிமையுடன் சிகிச்சை பெறும் உரிமையைத் தருகிறது. ஆகவே அடுத்த முறை "ஆயுசே அவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். இதயப் பரிசோதனை எப்போது நடந்தது, எந்த மருத்துவமனை திருப்பி அனுப்பியது, என்ன காரணம் சொன்னது என்று கேளுங்கள். பதிலை எழுதி வையுங்கள். நம்முடைய கணக்கை நாம்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.